சமையலறையில் நின்ற பாடகர்

வாஷியில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதை நினைத்து நான்கு வருடமாக எனக்கு வயிற்றெரிச்சல். கரும்பச்சை நிறம், சாய்ந்தால் பின்பக்கம் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். பன்னிரண்டாவது மாடியில், ஜன்னல்களைத் தடித்த திரை போட்டு மூடிய ஓர் அறையில், மார்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே, இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில் தரையில் குறி வைத்துப் போடப்பட்டிருக்கிறது. அந்த அறையில் வேறு சாமான் கிடையாது. கட்டில் கூட இல்லை. பாட்டு கேட்பதற்கென்றே ஒரு மனிதன் ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்பதை, மாதுங்காவில் ஒரு ஹாலும் சமையலறையுமாக இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன் எவனும் லேசில் மன்னிக்க மாட்டான். நானும் மன்னிக்கவில்லை.

நாற்காலிக்குச் சொந்தக்காரன் என் நண்பன்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். இவன் ஏ.சி. பொருத்தும் வேலைக்குப் போனான், தொழிலைக் கற்றுக்கொண்டான், சொந்தமாக ஆட்களை வைத்துக்கொண்டான், வாஷிக்குக் குடி போனான். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் சேர்ந்தேன். இன்னும் அதே பிரிவில் இருக்கிறேன்.

எங்கள் இருவரையும் சேர்த்தது பழைய ஆங்கில ராக் பாட்டு. ஃபோர்ட் நடைபாதையில் பழைய கேசட் விற்பவரிடம் ஒரே கேசட்டை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையில் எடுத்தோம். பெரியவர் என்று எனக்கு விட்டுக்கொடுத்தான். அன்றே எனக்கு அவனைக் கொஞ்சம் பிடிக்காமல் போயிருக்க வேண்டும், ஆனால் பழகிவிட்டோம். பிறகு பாண்டுப், செம்பூர், கோபர்கைரனே என்று ஊரின் பல மூலையிலிருந்தும் ஆள் சேர்ந்து ஏழு பேர் ஆனோம். எல்லோரும் தமிழர்கள், எல்லோருக்கும் அறுபதுகளில் வந்த இசைத்தட்டுகள்மேல் பைத்தியம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் சண்டை போடுவோம்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது, என் காது. நாடா ஒரு மயிரிழை வேகமாக ஓடினால் சொல்லிவிடுவேன். ஒரு பாட்டின் கடைசியில் பியானோ அடங்கும்போது யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் இருப்பதை நான்தான் முதலில் சொன்னேன். மற்றவர்கள் நல்ல பெட்டி வாங்கலாம், நல்ல வீடு வாங்கலாம். எது நல்ல பதிவு, எது கெட்ட பதிவு என்று கேள்வி வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஐம்பத்தாறு வயதில், பதவி உயர்வு இல்லாத ஒருவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வாஷி அறை வந்த பிறகு கூட்டம் எல்லாம் அங்கேதான் என்று ஆகிவிட்டது. நான் ஒரு தடவை போனேன். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, ஏதோ போன வருடம் வந்த பதிவைப் போட்டுக் காட்டினான். நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து அன்று சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் எனக்கு முதுகு வலித்தது, அல்லது ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்று ரயிலை நிறுத்தியிருந்தார்கள், அல்லது ஊரிலிருந்து யாராவது வந்திருந்தார்கள். அங்கே போகாமலேயே, போனிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் மோனோவா ஸ்டீரியோவா என்ற சண்டை வந்தது. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மோனோ என்றால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வருவது. எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான் வரும். ஸ்டீரியோவில் இடது பெட்டிக்கு ஒன்று, வலது பெட்டிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பார்கள். அறுபதுகளில் ஸ்டீரியோ புதுசு, அதனால் பிரிப்பதில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். டிரம், பாஸ், கிடார் எல்லாம் இடது பக்கம், பாடுகிறவர் மட்டும் வலது பக்கம் என்று கத்தியால் வெட்டியது மாதிரி வெட்டியிருப்பார்கள். அந்த ஆல்பங்களை இப்போது சுத்தம் செய்து, இரண்டு விதமாகவும் புதிதாக வெளியிடுகிறார்கள். எங்கள் ஏழு பேருக்கும் உயிரான ஒரு ஆல்பம் அப்படி இரண்டு டிஸ்க்காக வந்தது. இரண்டையும் வாங்கினேன்.

மோனோவை முதலில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஸ்டீரியோ. ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாற்றி மாற்றிக் கேட்டேன். கேட்கக் கேட்க ஸ்டீரியோமேல் எனக்குக் கோபம்தான் வந்தது. டிரம் காதருகில் இடிக்கிறது, கிடார் கொஞ்சுகிறது, பாடுகிறவரை மட்டும் காணோம். எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு மெல்லிய குரல். குழுவில் எழுதினேன்:

“ஸ்டீரியோவில் பாடகரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாண வீட்டில் மேளக்காரர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளையை உள்ளே நிறுத்தி வைத்த கதை. மோனோவில்தான் மனிதர் நம் எதிரே உட்கார்ந்து பாடுகிறார்.”

குழு என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வாஷிக்காரன் மட்டும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குரல் பதிவு அனுப்பினான். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. எனக்கு வலது பக்கம் கொரல் ஏக்தம் கிளியரா கேக்கு. மூச்சு விடுதது கூடத் தெரியுது. இன்னொரு மட்டம் கேட்டுப் பாருங்களேன்.”

அவன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீடுகளில் அந்த வார்த்தை கிடையாது. அவன் மரியாதையாகத்தான் சொல்கிறான், அதனால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. எழுத்தில் பதில் போட்டேன்: “பெரிய பெட்டி இருந்தால் போதாது தம்பி, காதும் வேண்டும்.”

ஐந்து பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். அவனும் ஒன்று போட்டான். அந்த ஆறு முகங்களையும் ஆபீஸில் மத்தியானம் வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை வாஷிக்கு எதிராக எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

அந்த வெற்றி இன்னொன்றையும் கொண்டு வந்தது. மாதுங்காவில் ஒரு சங்கத்தின் மாடி அறையில், ஒரு ஞாயிறு சாயங்காலம், பொதுமக்களை அழைத்து இரண்டு டிஸ்க்கையும் போட்டுக் காட்டலாம் என்று குழு முடிவு செய்தது. யாராவது ஒருவர் மேடையில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும். செம்பூர்க்காரர் வாஷியின் பெயரைச் சொன்னார், பாட்டுக்கென்றே அறை வைத்திருக்கிறான், அனுபவம் இருக்கிறது என்று. மற்றவர்கள் என்னைச் சொன்னார்கள். வாஷியும் என்னையே சொன்னான். தன் ஸ்பீக்கர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து தருவதாகவும் சொன்னான். அவனுடைய பெட்டியில், அவன் சொன்னது தவறு என்று நான் நாற்பது பேர் முன்னால் நிரூபிக்கப் போகிறேன். சட்டை தைக்கக் கொடுத்தேன்.

ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை மத்தியானம், எந்தப் பாட்டுகளைப் போடுவது என்று பேசுவதற்காக அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. குழுவில் யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. உட்கார இடம் வேண்டாமா? அவனைச் சோபாவில் உட்கார வைத்தேன். மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

“நீயே கேளு,” என்று சொல்லி ஸ்டீரியோ டிஸ்க்கைப் போட்டேன்.

டிரம் இடித்தது. கிடார் கொஞ்சியது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்தான். குரல் வந்த திசையில், தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி நடந்தான். சமையலறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

மனைவி அடுப்பின் முன்னால் நின்று வாழைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, மிக்சிக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில், எங்கள் வீட்டின் வலது ஸ்பீக்கர் இருந்தது. அதிலிருந்து பாடகர் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

எப்படி அங்கே போனது? நவராத்திரிக்குப் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொலுப்படி ஏழு வைக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். வலது ஸ்பீக்கர் இருந்த சுவரைத் தவிர வேறு சுவர் இல்லை. நானே தூக்கிச் சமையலறை அலமாரியில் வைத்தேன், ஒயரை நிலைக்கு மேலே ஓட்டி ஆணி அடித்தேன். விஜயதசமி முடிந்து பொம்மைகள் பரணுக்குப் போயின. படி மடங்குகிற இரும்புப் படி, அது சுவரோரமே நின்றுவிட்டது, அதன்மேல் துணி மடித்து வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. “சமைக்கறச்சே பாட்டு கேக்கறதோல்லியோ, அது இங்கேயே இருக்கட்டும்,” என்றாள் மனைவி. நான் அப்போது மோனோ தவிர எதுவும் கேட்பதில்லை. மோனோவுக்கு இரண்டு பெட்டியும் ஒன்றுதான். நாளடைவில் அது அவளுடைய ரேடியோ என்றே என் மனதில் பதிந்துவிட்டது. ஸ்டீரியோ என்றால் என்னவென்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், என் வீட்டில் பாதிப் பாட்டை ஹாலில் வைத்துக்கொண்டு மீதிப் பாதியை அடுப்படிக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினேனே, அனுப்பியவன் நான்தான்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரிக்கவில்லை. முகத்தில் ஒரு பதற்றம், ஏதோ தான்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி. “எடம் இல்லைன்னா என்ன செய்ய, அண்ணாச்சி. நாங்க தாராவியில இருக்கையில ஒரு பெட்டியத் தெருவுலதான் வச்சிருந்தோம்,” என்றான்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னாச்சு? சத்தம் ஜாஸ்தியா இருக்கா?” என்றாள். அவன்தான் விளக்கினான். அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, “ஓ, அதான் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து வாசிக்கறா, ஒரு நாள் இவர் மட்டும் தனியா பாடறாரா? நான் ரெண்டும் வேற வேற கச்சேரின்னு நெனச்சேன்,” என்றாள். அப்புறம் கரண்டியோடு நின்றபடியே அந்தப் பாட்டின் இரண்டாவது அடியை மெல்லப் பாடினாள். வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. இங்கிலீஷ் பாட்டு அவள் பாடி நான் கேட்டதே கிடையாது.

“மதினி, அந்த எடத்துல கொரலு லேசா ஒடையுதுல்லா?” என்று அவன் கேட்டான்.

“ஒடையறது இல்லை, அங்கே மூச்சு போறலை. அதுக்கு முந்தின வரியிலேயே தீந்துபோயிடறது. சமாளிச்சுக்கறார் பாவம்.”

“ஏக்தம் கரெக்ட்டு!” என்று அவன் கத்தினான்.

இரண்டு பேரும் அந்த மூச்சைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை. வாஷி கேட்டிருக்கிறான், அவனிடம் நாற்காலி இருக்கிறது. இவள் வாழைக்காய் வதக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. எதன்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், காபி ஆறிப்போகிறது என்று அவனிடம் சிடுசிடுத்தேன்.

போவதற்கு முன் அவனே ஸ்டூல் மேல் ஏறி ஸ்பீக்கரை இறக்கினான். இரும்புப் படியை நகர்த்தி, துணிகளைச் சோபாவில் வைத்துவிட்டு, பெட்டியைப் பழைய இடத்தில் நிறுத்தினான். மூவரும் கேட்டோம். பாடகர் வலது பக்கம் வந்து நின்றார். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக. நான் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் தப்பு.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் தணிந்த குரலில் சொன்னான்: “அண்ணாச்சி, நீங்க எழுதுனபடியே பேசுங்க. மோனோதான் நல்லதுன்னு சொல்லுத ஆளு எத்தனையோ பேரு இருக்காவ. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

அந்த ஒரு வாரம் எனக்கு நரகம். என் மானம் இப்போது அவன் பையில் இருக்கிறது. அவன் அதை வெளியே எடுக்க மாட்டான் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நாற்காலி அவனிடம், அறை அவனிடம், இப்போது பெருந்தன்மையும் அவனிடம். எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொண்டால் நான் எதை வைத்துக்கொள்வது? குளிக்கும்போதும் ரயிலிலும் அதையே மென்றேன். ஆபீஸில் ஒரு கிளெய்ம் பாரத்தில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் தேதியைப் போட்டேன்.

ஞாயிறு வந்தது. மாடி அறையில் நாற்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன, சிலர் பின்னால் நின்றார்கள். அவனுடைய ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் பளபளத்தன. மனைவியையும் அவன்தான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, என்னைக் காப்பாற்றுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொலு, ஏழு படி, அலமாரி, மிக்சி, அரிசி டப்பா எல்லாவற்றையும். நேர்மையால் சொல்லவில்லை, அதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். அவனுடைய தயவு எனக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். அவன் காத்து வைத்திருந்த ரகசியத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிப் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது.

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பாண்டுப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைதட்டல். முதலில் தட்டியவன் அவன்தான். பிறகு இரண்டு டிஸ்க்கையும் போட்டேன். “வாஷி நண்பர் சொன்னதுதான் சரி. ஸ்டீரியோவில் குரல் அருமையாக இருக்கிறது. நான் தோற்றேன்,” என்று முடித்தேன். தோற்பதையாவது அவனைவிட நன்றாகச் செய்துவிட்டேன் என்று ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. யாராவது ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று செம்பூர்க்காரர் கேட்டார்.

மூன்றாவது வரிசையில் மனைவி கையைத் தூக்கினாள்.

அவள் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. செம்பூரில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போவாள், அங்கேயும் ஓரமாக உட்கார்ந்து ஜால்ரா போடுகிறவள்தான்.

“எனக்கு இந்தப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ரெண்டு வருஷமா அடுப்படியிலே கேட்டிருக்கேன். இவர் ஸ்டீரியோதான் நன்னா இருக்குங்கறார். எனக்கு அப்படித் தோணலை,” என்றாள். “அந்தப் பாடறவருக்கு ரெண்டாவது அடியிலே மூச்சு போறலை. இப்போ போட்டேளே, மோனோ, அதிலே அந்த இடத்திலே டிரம் அடிக்கறவர் சட்டுனு கிட்டே வந்து தாங்கிக்கறார். மூச்சு போறலைங்கறதே வெளியிலே தெரியாது. ஸ்டீரியோவிலே டிரம் அந்தண்டை இருக்கு. இவர் இந்தண்டை தனியா நின்னுண்டு மூச்சு வாங்கறார். குரல் நன்னாக் கேக்கறது, வாஸ்தவம். ஆனா தனியா விட்டுட்டா. கூடச் சேர்ந்து பாடறவா கூடவே நிக்கணும். பஜனையிலே ஒருத்தருக்குத் தொண்டை கட்டினா பக்கத்திலே இருக்கறவா எடுத்துக்கொடுக்கறாளோல்லியோ, அது மாதிரி.”

உட்கார்ந்துவிட்டாள்.

வாஷிக்காரன் எழுந்து வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த இடத்தை மோனோவில் போட்டான். பிறகு ஸ்டீரியோவில். மறுபடி மோனோவில். டிரம் ஓடி வந்து அந்த மனிதரைத் தாங்குவதை அத்தனை பேரும் கேட்டோம். நான் எத்தனையோ வருடமாக, நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு.

“மதினி சொல்லுததுதான் சரி. நான்தான் தப்பு,” என்றான் அவன், மைக் இல்லாமலே. “மோனோதான்.”

கைதட்டல் எனக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு வந்தது. செம்பூர்க்காரர் எழுந்து நின்று தட்டினார். வாஷி தோற்றுவிட்டான், எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே. மோனோ ஜெயித்துவிட்டது. நான்கு வருடமாக நான் எதற்காக ஏங்கினேனோ அது நடந்துவிட்டது, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் அதைக் கைகழுவிய பிறகு, வேறொருவர் வாயால். மேடையில் நான் மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மனைவி யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற முகம். உடனே நானும் தட்டினேன், பலமாகவே தட்டினேன். ஆனால் எல்லோரும் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடங்கினேன். அத்தனை சத்தத்தின் நடுவிலும் அந்தத் தாமதத்தை அவள் கேட்டுவிட்டாள் என்பது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்தில் எனக்குத் தெரிந்தது.